தள்ளுவண்டியில் தொங்கிய கைப்பட்டைகள்

புதன், இரவு.

வடக்குத்து முதியோர் இல்லத்தில் அண்ணனைப் பார்த்தேன். சில நாட்களாகப் பகலிலும் அவருக்குக் கண் சொருகுகிறது.

அங்கே மாத்திரைக் கணக்கு இப்போது கணினியில். ஒவ்வொருவரின் கையிலும் கட்டியிருக்கும் பார்கோடு பட்டையை ஸ்கேன் செய்த பிறகுதான் மாத்திரை தர வேண்டும். ஆனால் எல்லோருடைய பட்டைகளும் நர்ஸின் தள்ளுவண்டியில் தொங்கின. அங்கேயே வரிசையாக ஸ்கேன் செய்தார்.

"கையில கட்டினா அரிக்குதுன்னு கத்துறாங்க சார்."

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் சிரித்தார். "மைன்ஸ்ல ஷிப்டுக்கு வராதவனுக்கும் நாங்க அவன் கார்டுல பன்ச் அடிப்பமே, அதாண்டா இது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்ததாகத் திரை சொல்கிறது. விழுங்கியது யாருடைய தூக்க மாத்திரையோ? நிருபர் புத்தி, மாத்திரை உறையைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சாம்.

"சிஸ்டம் தப்பு பண்ணாதுங்க சார்."

காலையில் மாத்திரை வேளைக்கு முன்பே போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இன்றிரவு மாத்திரையை இதற்குள் கொடுத்திருப்பார்கள்.