கரையடியில் ஏறும் ஈரம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் நீ போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினாலும் பார்ப்பதில்லை. உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, குறை சொல்லவில்லை. அதனால்தான் தபால். உன் அண்ணனுக்குத் தெரியாது.

முதலில் நல்ல செய்தி. நீ வயலில் புதைத்துவிட்டுப் போன ஈரப்பதக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய பழக்கம் போய்விட்டது. மண் கேட்டால்தான் வால்வு திறக்கிறது. மக்காச்சோளம் என் தலைக்கு மேல் நிற்கிறது. முன்பு இறைத்ததில் பாதிகூடச் செலவாகவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே அண்ணன் தினமும் கருவிகளின் எண்கள் வரும் அந்தத் திரையைப் பார்க்கிறார்.

மிச்சமான தண்ணீர்தான் வினையாகிவிட்டது. அதையெல்லாம் மேட்டுக் குட்டையில் ஏற்றித் தேக்குகிறார். கரையைக் கெட்டிப்படுத்தாமல் நிரப்பாதே என்று நீ சொன்னதில்தானே சண்டை வந்தது? நீ போன பிறகு கரையை இன்னும் உயர்த்தி, விளிம்பு வரை நிரப்பிவிட்டார். வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டுகிறார்.

கரைக்குக் கீழே உள்ள வயலுக்குத் தண்ணீர் விட்டு வெகுநாளாகிறது. அங்கே மேலாகப் பதித்த கருவி மண் காய்ந்துவிட்டது என்கிறது. அதற்குக் கீழே ஆழத்தில் பதித்தது மட்டும் ஈரம், ஈரம் என்று ஏறிக்கொண்டே போகிறது. அண்ணனிடம் காட்டினேன். "கருவிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு, கூடவே உனக்கும்" என்று சிரித்தார். வேறு வயலில் இருந்ததைப் பிடுங்கி அங்கே மாற்றி வைத்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

பிறகு கடப்பாரையால் தோண்டிப் பார்த்தேன். கசிவு தெளிவாக வந்தால் பொறுக்கலாம், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். கலங்கித்தான் வந்தது தம்பி. கையை விட்டேன். விரலிடுக்கில் மணல் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை.

அவரும் வந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இப்ப குட்டையத் திறந்துவிட்டா அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழியை மூடினார். அன்றிலிருந்து ஆள்கூட வைக்காமல் தானே கரையடியில் மண் கொட்டி மிதித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வாங்க என்றால் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு வீட்டில் இருக்க என்னாலும் முடியவில்லை. போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

குட்டை வால்வைக் கையால் திருகப் போனேன். வால்வுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவரே வைத்திருக்கிறார். ஆனால் அங்கிருந்தே உன் திரை வழியாக உன்னால் திறக்க முடியும் அல்லவா? உன் கடவுச்சொல்லை அவர் மாற்றவே இல்லை. மாற்றத் தெரியாமல் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

குட்டைத் தண்ணீரைக் கிழக்கு வயலுக்குத் திறந்துவிடு. பயிர் அழுகினால் அழுகட்டும். கருவி கேட்டது, வால்வு தானாகத் திறந்தது என்று அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார், சொல்லிக்கொள்ளட்டும். அண்ணனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

படித்ததும் உன் திரையைப் பார். கரையடிக் கருவியிலிருந்து எண் வந்துகொண்டிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கரை போயிருக்கும், எங்களைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதே, நேரே புறப்பட்டு வா.

எப்படியானாலும் நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

பாசத்துடன்,
உன் அண்ணி