வண்டிக்கு அடியில்

அன்பு மனைவிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் சுகம்தான்.

நேற்று ஒரு பழைய காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் குழாயின் ஒழுகலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஜாக்கி மெல்ல இறங்கி, வண்டி என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. கத்தக் குரல் எழவில்லை. ஸ்பேனரால் தரையைத் தட்டினேன். பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தார். என் முகத்தைப் பார்த்து அவர்தான் அலறினார்.

"ரத்தமில்லண்ணே, சிவப்பு ஆயிலு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது போனில் கூப்பிட்டு ஏதாவது பேசு, திட்டினாலும் சரி.

முதலாளி கூப்பிடுகிறார். குழாய் இன்னும் ஒழுகுகிறதாம். அதே வண்டிக்கு அடியில்தான் மறுபடி போகிறேன்.

பாப்பாவின் அப்பா