கரிக்கல் மேட்டில் இரண்டு தட்டு

அக்கா,

இன்று காலை மழை விட்டு வெயில் அடித்ததும் மேட்டிலிருந்து அந்தத் தீய்ந்த வாசனை இறங்கி வந்தது. சட்டியில் சாமையைப் போட்டு வறுக்கும்போது மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதே வாடை. ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று உள்ளே ஓடினேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. மேட்டுக் கல்லின் வாசனைதான் என்று தெரிந்ததும் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஆறு ஐப்பசி ஆகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

அண்ணனை நீ கட்டினாய், தம்பியை நான் கட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே வாசல், அடுப்பு மட்டும் வேறு. புளியோ சாமையோ தலையில் ஏற்றிக்கொண்டு சந்தவாசல் சந்தைக்கு இறங்குவதென்றால் நாம் இரண்டு பேரும்தான். நீ முன்னால், நான் பின்னால். மூங்கில் காடு தாண்டினால் கரிக்கல் மேடு. அதைத் தாண்டினால்தான் இறக்கம். வேறு வழி சுற்று.

அந்த மேட்டில் நடக்கும்போது மட்டும் உன் பேச்சு நின்றுவிடும். மரம் கிடையாது, புல் கிடையாது. வீட்டளவுக்குக் கருப்புக் கல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். நடுவில் ஓர் ஆள் ஒடுங்கிப் போகும் அளவுக்குத்தான் வழி. குருவி கூட அந்தப் பக்கம் கத்தி நான் கேட்டதில்லை. சில கல் ஊமை. சில கல்லைத் தட்டினால் வெண்கலம் மாதிரி கணீரென்று கேட்கும், கேட்டு முடிந்த பிறகும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேகம் மேட்டில் இறங்கிவிட்டால் முன்னால் போகிற ஆளின் முதுகு கூடத் தெரியாது. குரல் கொடுத்தாலும் எந்தப் பக்கம் என்று புரியாது. அதனால்தான் தட்டுவது. ஒரு சின்னக் கல்லை எடுத்து மூன்று தட்டு. நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவர் திருப்பி மூன்று தட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ கேட்டால் வாயையும் கையையும் மூடிக்கொண்டு போய்விட வேண்டும். ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

நயா பைசா வந்த புதிதில் கல் பார்க்க ஒரு சர்க்கார் ஆள் வந்தாரே, நினைவிருக்கிறதா? ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு, தோளில் பையும் கையில் சுத்தியுமாக மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இதெல்லாம் ஒரு காலத்துல நெருப்புக் குழம்பும்மா. பூமிக்குள்ள இருந்து பொங்கி வந்து, ஆறி, இப்படிக் கல்லாப் போச்சு" என்றார்.

நீ சும்மா இருந்தாயா? "குழம்புன்னா எப்டிங்க சார்? எங்க வூட்டுக் குழம்பு மாதிரி கெட்டியா, இவ வெக்கிற மாதிரி தண்ணியா?"

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கல்லில் சுத்தியால் ஒன்று போட்டார். ஒன்றே ஒன்று. உன் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, ஒண்ணோட நிறுத்தாதீங்க சார்! இன்னும் ரெண்டு போடுங்க!"

"ஏம்மா?"

"ஒண்ணு ரெண்டுன்னா செத்தவங்க கூப்புடறதுங்க. அவங்களுக்கு மூணு வரைக்கும் எண்ண வராது."

அவர் நம்பவில்லை. வெயிலில் சூடான கல் குளிரும்போது தானாகவே சத்தம் போடும் என்றார். ஆனாலும் இன்னும் இரண்டு போட்டுவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.

உனக்குப் பாம்புக்குப் பயமில்லை, கரடிக்குப் பயமில்லை. தனியாக இருப்பதுதான் பயம். உன் வீட்டுக்காரர் மரம் வெட்டக் கூப்புக்குப் போய்விட்டால் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய். குளிக்கப் போனாலும் நான் ஓடைக்கரையில் நிற்க வேண்டும். "பேசிக்கினே இரு மே. நிறுத்தினா எனக்குத் தண்ணி ஊத்திக்க வராது" என்பாய். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்பேன்.

அந்த ஐப்பசியில் சந்தையிலிருந்து திரும்பி வரும்போது மேட்டு நடுவில் உன் கூடைக் கயிறு அறுந்தது. "நீ முன்னால போ மே, முடிச்சுப் போட்டுக்கினு வர்றேன்" என்றாய். தனியாக இருக்கப் பயப்படுகிறவள் இதைச் சொல்கிறாளே என்று நான் நின்றிருக்க வேண்டும். தூறல் தொடங்கியிருந்தது. உப்பு நனைந்துவிடும் என்று நான் நடந்துவிட்டேன்.

மேட்டைத் தாண்டி மூங்கில் ஓரத்துக்கு வந்து திரும்பினால் பின்னால் ஒன்றுமே இல்லை. மேகம் இறங்கி மேட்டையே விழுங்கிவிட்டது. ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

அப்போது உள்ளேயிருந்து வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

கொஞ்ச நேரம் போனது. மறுபடி இரண்டு. கையில் இருந்த கல்லைக் கீழே போட்டேன். அது எதன் மேலாவது பட்டுச் சத்தம் வந்துவிட்டால் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று உயிரே போய்விட்டது. நல்லவேளை புல்லில் விழுந்தது. பிறகு ஒன்று மட்டும் கேட்டது. ஒன்றே ஒன்று. இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஓடிவிட்டேன் அக்கா.

நீ சுற்றுவழியில் வந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்தால் நீ இல்லை. உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு ஆள்களும் கிளம்பினார்கள். மேகம் விலகிப் பொழுது சாய்கிற நேரத்தில் உன்னைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாயாம். ஓடையில் வெள்ளம், கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. கட்டுப் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, ஈரத்தில் அவ்வளவு நேரம் கிடந்ததுதான் கெடுதலாகிவிட்டது, சீக்கிரம் தூக்கியிருக்கலாம் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

இரண்டாம் நாள் உனக்குக் கஞ்சி ஊட்டினேன். நீ பேசினாய்.

"தட்டினேன் மே. ரெண்டுக்கு மேல கை எழல. கடசில ஒண்ணு. ரெண்டுன்னா பேய்னு நெனச்சிக்கினு ஓடிடுவியோன்னு பயந்துக்கினே கெடந்தேன்."

நான் கரண்டியைச் சாய்த்துவிட்டேன். கஞ்சி உன் கழுத்தில் ஒழுகியது.

"ஆனா நீ பதில் குட்த்துக்கினே இருந்த. மூணு மூணா. கிட்டவே கேட்டுச்சு. அப்றம் எனக்குப் பயமே இல்ல மே. இவ கீறா இங்கன்னு கண்ண மூடிக்கினேன். நம்ம ஆளுங்க வர்ற வரைக்கும் நிறுத்தலியே நீ! மாவு கரைக்கவே கை வலிக்குதுன்னு மூக்கால அழுவற, அவ்ளோ நேரம் எப்டித் தட்டின?"

ஆள்கள் மேட்டுக்கு வந்தபோது நான் வீட்டில் இருந்தேன், அக்கா. அதற்கு எத்தனையோ நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன்.

"வலிக்குதா மே?"

"ஆமாக்கா, வலிக்குது" என்றேன்.

நீ என் வலது கையை எடுத்து உன் வயிற்றின் மேல் வைத்து, தெம்பே இல்லாத விரல்களால் மெதுவாக அமுக்கிவிட்டாய். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியும்போது நீ இல்லை.

உன் தட்டு கேட்ட பிறகு நான் தட்டவில்லை அக்கா. ஒரு தடவை கூடப் பதில் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல். அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். உன் பார்வையில் ஓடிப்போனவளாக இருக்க எனக்குத் தைரியமில்லை.

அன்றைக்கு மேட்டில் யாராவது இருந்தார்களா என்று ஆடு மேய்ப்பவர்களை ஒவ்வொருத்தராகக் கேட்டேன். யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. உன் தட்டுதான் கல்லில் மோதித் திரும்பியது என்றால் இரண்டுக்கு இரண்டுதான் வந்திருக்கும். மூன்று எப்படி வரும்? செத்தவர்களுக்கு எண்ண வராது என்கிறார்களே, அப்படியானால் அவ்வளவு நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மூன்றாகத் தட்டியது யார்? உன்னைத் தூக்கிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நீ தட்டிய தழும்பு ஒரு கல்லில் வெள்ளையாக இருந்தது. சுற்றிச் சுற்றித் தேடினேன். வேறெந்தக் கல்லிலும் ஒரு கீறல் கூட இல்லை.

போன மாசம் சந்தையிலிருந்து நாலைந்து பெண்களோடு திரும்பி வந்தேன். மூங்கில் ஓரம் வந்ததும் மேகம் இறங்கிவிட்டது. ஆள் எண்ணிப் பார்த்தோம், எல்லாரும் இருந்தோம். அப்போது மேட்டுக்குள்ளிருந்து ஒன்று கேட்டது. கூட வந்தவர்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூன்று தட்டினேன். அவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கேட்டது. மறுபடி மூன்று தட்டினேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன என்று மேகம் விலகும் வரைக்கும் தட்டினேன். விலகியதும் உள்ளே போய் ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

நான் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா மே, புத்தி கெட்டுப்போச்சா? யாருக்குப் பதில் குட்த்துக்கினு நின்ன?"

"யாருன்னு தெரியலீங்க" என்றேன். "தனியா இருந்தாங்க."