மிளகியின் முன்னங்கால்

மார்க்கையன்கோட்டை
12.11.1981

அன்புள்ள தங்கச்சி பூமாரிக்கு, அண்ணன் சீனிச்சாமி தன் கையாலேயே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிலாயில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நம்புவாயா, நீ போட்ட கடிதத்தை இந்த முறை நானே படித்தேன்! காலையில் பிரித்தேன், முடிக்கும்போது உச்சிவெயில் வந்துவிட்டது. முதியோர் கல்வி வகுப்பில் ஜெபமணி டீச்சர், "தாத்தாதான் இப்ப மொத மார்க்கு" என்கிறாள். இந்தக் கடிதத்தைத் திருத்தித் தருகிறேன் என்று கேட்டாள். கொடுக்கவில்லை. நீயும் இதைத் தனியாக இருந்து படி.

நீ கேட்ட குதிரை தயார். வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய காகிதக்கூழ் பொம்மை. ராஜா வீட்டுக் குதிரை மாதிரி வெள்ளை உடம்பு, சிவப்புச் சேணம். சேணத்தைச் சுரண்டினேன். லாரிக்கு நம்பர் எழுதுகிறவரிடம் கறுப்புப் பெயிண்ட் வாங்கி உடம்பெல்லாம் பூசினேன். வலது பின்னங்குளம்புக்கு மேல் மட்டும் வெள்ளை. கோம்பை நாய் கடித்த இடது காதை பிளேடால் கீறினேன். வாலுக்கு எருமை வால் மயிர். உன் மதினி மொக்கம்மாள், "பேரன் எடுத்த வயசுல பொம்மைக்குச் சவுரி வச்சுக்கிட்டு இருக்காக" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அப்பா மிளகுப் பொதி ஏற்றிக்கொண்டு வருவாரே, உன் குரல் கேட்டதும் ஊர் எல்லையிலேயே கனைக்குமே, நம் மட்டக்குதிரை மிளகி, அதுவேதான்.

முன்னங்கால் மட்டும் பாக்கி. "தளைக்கயிறு வேண்டாம் அண்ணே, மலைக்கு ஓடிப்போன அன்றைக்கு இருந்த மாதிரியே செய்" என்று எழுதியிருக்கிறாய். தைக்கு வரும்போது, அது ஓடின பாதையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். 

மிளகி மலைக்கு ஓடவில்லை, பூமாரி.

மேயவிடும்போது முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போடுவோம். "மேக்க மலை கறுத்துச்சுன்னா மொதல்ல தளைய அவுத்துரணும்லே" என்று அப்பா தினமும் சொல்லுவார். அன்றைக்கு ஆற்றங்கரையில் மேயவிட்டுவிட்டுக் கிட்டிப்புள் ஆடினேன். மலை கறுத்ததைப் பார்த்தேன். இன்னும் ஓர் ஆட்டம் என்று நின்றுவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் முழங்கால் அளவுக்கு வெள்ளம். நனைந்த முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் விட்டுவிட்டு ஏறிவிட்டேன். அது என்னைப் பார்த்துக் கனைத்தது.

வீட்டில், "அவுத்துவிட்டேன், மலைப் பக்கம் ஓடிருச்சு" என்று சொன்னேன். மூன்றாம் நாள் அப்பா தேடிவிட்டுத் திரும்பினார். கையில் தளைக்கயிறு. முடிச்சு அப்படியே இருந்தது, கரை ஒதுங்கிக் கிடந்ததன் காலிலிருந்து கயிற்றை அறுத்து எடுத்திருக்கிறார். என்னை அடிக்கவில்லை. "தங்கச்சிகிட்ட நீ சொன்னதே இருக்கட்டும். புள்ள தாங்காது" என்றார். சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீயோ மாதக்கணக்கில் சாயங்காலம் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கூப்பிட்டாய்.

இத்தனை வருஷமும் உனக்குப் போன கடிதமெல்லாம் அடுத்தவர் கையால் எழுதியது. இதை யாரிடம் சொல்லி எழுதச் சொல்வேன்? நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் வாய் வரவில்லை. எழுதப் படித்ததும் முதலில் இதைத்தான் எழுத நினைத்தேன். நான்கு மாதமாகப் பயந்துகொண்டே இருந்தேன்.

குதிரையின் காலில் ஒன்றும் கட்டவில்லை. சணலில் சின்னதாக ஒரு தளை திரித்து, முடிச்சுப் போடாமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கட்டுவதோ வீசுவதோ நீ வந்து செய்.

தைக்கு வருவாய்தானே? வர மனமில்லை என்றால் ஒரு கடிதமாவது போடு, ஆத்தா. திட்டி எழுதினாலும் பெரிய எழுத்தாக எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

தபால்காரர் வரும் பாதையையே பார்த்திருக்கும்
உன் அண்ணன்
சீனிச்சாமி