துப்பாக்கியை ஒப்படைத்தபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா இருமலோடுதான் கொழுந்து பறிக்கப் போகிறார்களா?

ஸ்டேஷனில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். டியூட்டி முடிந்து துப்பாக்கியை ஒப்படைக்கும்போது முதலில் தோட்டாக்கள் இருக்கும் மெகசினைக் கழற்றிவிட்டு, பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். அவசரத்தில் நான் மாற்றிச் செய்தேன். காலியா என்று வழக்கப்படி மணல் மூட்டையை நோக்கி விசையை அழுத்திப் பார்த்ததும், மெகசினிலிருந்து உள்ளே ஏறியிருந்த தோட்டா அதற்குள் பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

போன வருடம் எங்களோடு வேலை செய்யும் ரொஷான் இதையே செய்தபோது, “அவனுக்குக் கவனம் பத்தாது” என்றார் சார்ஜன்ட். இப்போது, “பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிவராது” என்கிறார். எந்தத் தவறும் செய்யாத என் அறைத்தோழி பிரியந்தியிடமிருந்தும் துப்பாக்கியை வாங்கிவிட்டார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சோறு ஆறுது, சாப்பிடு” என்றாள்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கைமாற்றும்போதுகூட நீங்கள் பிடியைத்தான் நீட்டுவீர்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்புங்கள், பிரியந்திக்கும் சேர்த்து.

பக்கத்து லயத்து வீட்டுத் தனுஜா போலீசுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளுக்கு இது தெரியட்டும். ஆனால் ‘ஒரு பொம்பளை செய்தாள்’ என்று சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.

யாரோ முறைப்பாடு கொடுக்க வந்திருக்கிறார்கள், அதை எழுதக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
நிரோஷினி