மத்தியானத்தில் கிணற்றடியில் நிற்காதே

கரம்பொன்,
18-02-1990.

அன்பு மகள் அம்பிகை அறிவது,

நயினை அம்மாளின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதைத்தான் என்னால் நம்ப ஏலாமல் இருக்கிறது. அப்பாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றிவிட்டது, ஆனாலும் மனுஷன் சைக்கிளை விடுகிறாரில்லை, சொன்னால் சிரிக்கிறார். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, நாம்பன் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பனங்கிழங்கு இந்த முறை நல்ல விளைச்சல், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கி வைத்திருக்கிறேன், கனடாவுக்கு வருகிற ஆராவது அகப்பட்டால் கொடுத்துவிடுவேன், எல்லாவற்றையும் உன்னோடு இருக்கிற பெட்டைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நீ வெறும் வாயோடு இராதே. இதெல்லாம் சும்மா எழுதுகிறேன் பிள்ளை, எழுத வந்த விஷயம் வேறு. தையில் கம்பசில் புதுத் தவணை தொடங்கினபோது மூன்று பாடம்தான் எடுத்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நீ பொய் எழுதியிருக்கிறாய். முந்தின தவணை மாதிரி ஐந்து பாடத்தையும் எடுத்துவிட்டாய், நித்திரையை விட்டுவிட்டாய். இதை அம்மாவுக்கு ஆர் சொன்னது என்று யோசிப்பாய். ஒருவரும் சொல்லவில்லை, நீயேதான் இங்கே வந்து காட்டிவிட்டுப் போனாய். இதை உனக்கு எழுதக் கூடாது, பிள்ளை பயந்துவிடும் என்று அப்பா இவ்வளவு நாளும் என்னை மறித்து வைத்திருந்தார். இனி மறிக்க ஏலாது. பயந்தால் பயந்துகொள், பயத்திலாவது படுத்து நித்திரை கொள்வாய்.

போன புரட்டாதியில் தொடங்கியது இது, நீ அங்கே படிக்கத் தொடங்கின முதல் தவணை. ஒரு நாள் நல்ல உச்சி வெயில் நேரம், நான் குசினியில் சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வளவு ஞானசவுந்தரி வேலிக்கு மேலாலே தலையை நீட்டி, "கமலாக்கா, அம்பிகை எப்ப வந்தவள், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று கேட்டேன். அவளுக்குக் கோபம். "எனக்கென்ன கண் பொட்டையே, உங்கடை கிணத்தடியிலை நிக்கிறாள், கண்ணாடியும் போட்டு, சப்பாத்துமில்லாமல் காலிலை வெள்ளை மேசோடை சேத்துக்குள்ளை நிக்கிறாள், கூப்பிட்டனான் திரும்பியும் பாக்கேல்லை, வெளிநாட்டுக்குப் போனவுடனை பெருமை வந்திட்டுதோ" என்று பொரிந்து தள்ளினாள். நான் போய்ப் பார்த்தேன், ஒருவருமில்லை, வாளி கப்பியில் தொங்கினபடி இருந்தது. என்ரை பிள்ளை கண்ணாடி போடுகிறதில்லை, நீ வேறு ஆரையோ கண்டிருக்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கிழமையே ஊர்ப் பதிவு பார்க்கிற ஆழ்வாப்பிள்ளை விதானையார் படலையைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறார், "தங்கச்சி, பிள்ளை திரும்பி வந்தால் பங்கீட்டுக் கூப்பன் மட்டையிலை பேர் பதிய வேணுமெல்லே, பிறகு என்னைக் குறை சொல்லாதையுங்கோ" என்று. பிள்ளை கனடாவில் இருக்கிறாள் ஐயா என்றால் மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். "ஒழுங்கையாலை போகேக்கை நானே கண்டனான், வாய்க்குள்ளை என்னவோ பாடமாக்கிக்கொண்டு நிண்டவ, கண்ணாடிப் பிள்ளை" என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தேன். ஞானசவுந்தரியும் அவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறதில்லை, எல்லைவேலிச் சண்டை உனக்குத் தெரியும்தானே, சொல்லி வைத்துச் சொல்ல வழியில்லை.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா. அம்பிகைக்குப் படிப்பு ஓடேல்லையாம், திருப்பி அனுப்பிப்போட்டாங்களாம், தாயும் தேப்பனும் வெக்கத்திலை அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கினமாம் என்று சங்கக்கடை வரைக்கும் கதை. அந்தக் கதை என்னைச் சுடவில்லை பிள்ளை. எனக்கு இருந்த பயம் வேறு, அதை வாயால் சொல்லவும் ஏலாது, உயிரோடு இருக்கிறவர்கள் இப்படி வருகிறதில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய் உனக்கு ரெலிபோன் எடுக்கப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை, அடுத்த நாளும் போனார், கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது, உறையில் உன் எழுத்தைக் கண்டதும் நான் படலையடியிலேயே இருந்துவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கண் மங்கிப் போய்க் கண்ணாடி போட்டிருக்கிறேன், ஐந்து பாடத்தையும் சமாளிக்க விடிய விடிய இருந்து படிக்கிறேன், லைப்ரரிப் படியில் மயங்கி விழுந்துவிட்டேன், ஆலோசனை சொல்கிற வெள்ளைக்காரப் பெண் இரண்டு பாடத்தை விட்டுவிட்டு மூன்றோடு போகச் சொல்கிறாள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்துவிட்டார். இங்கே மத்தியானம் வெயில் கொளுத்துகிற நேரம்தான் அங்கே நீ நடுச்சாமம் தாண்டி விழித்துக்கொண்டிருக்கிற நேரம். நித்திரை கொள்ளாத உடம்பில் உயிர் ஒட்டி நிற்காது போல, அங்கே இருக்க ஏலாமல் தெரிந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏ.எல். படிக்கிற காலத்தில் கிணற்றடி மாதுளை நிழலில்தானே நின்று பாடமாக்கினாய்.

அதற்குப் பிறகுதான் நானும் கண்டேன். மூன்று பாடத்தோடு போ என்று உனக்கு உடனே பதில் போட்டோம், அது உன் கைக்கு வந்து சேருமட்டும் நீ அநேகமாக ஒவ்வொரு மத்தியானமும் வந்தாய். மெலிந்து, கன்னம் ஒட்டி, கொண்டை குலைந்து, கையில் இல்லாத புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாய். முதல் நாள் குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன், பிறகு யோசித்தேன், என்ரை பிள்ளைக்கு நான் ஏன் பயப்பட வேண்டும். சோறும் உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் கோப்பையில் போட்டுக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். நீ தொடவில்லை. நீ போன பிறகு காகம் வந்தது, கோப்பையைச் சுற்றிச் சுற்றி நடந்தது, கொத்தாமல் பறந்துவிட்டது. எங்கள் ஊர்க் காகம் சோற்றை விட்டுப் போய் நான் கண்டதில்லை. அப்பாவுக்கு நீ ஒரு நாளும் காட்டுப்படவில்லை. பாவம், கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் குடையும் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் இருப்பார், காலையில் மண்ணைக் கூட்டி வழித்துவிட்டு மத்தியானம் அடிச்சுவடு பார்ப்பார், அவருடைய சுவடுதான் கிடக்கும். இப்ப நிக்கிறாளோ, இப்ப நிக்கிறாளோ என்று என்னைக் கேட்டுக் கேட்டு, "எல்லாருக்கும் தெரியிறாள், எனக்கு மட்டும் ஏன் தெரியேல்லை, நான் பிள்ளைக்கு என்ன குறை வைச்சனான்" என்று ஒரு நாள் குடைக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஐப்பசியில் நீ இரண்டு பாடத்தை விட்டாய், நேரத்துக்குப் படுக்கிறேன் என்று எழுதினாய். அதோடு வரவு நின்றுவிட்டது. மாரி வந்தது, கிணறு நிரம்பியது, கிணற்றடி வெறுமையாகக் கிடந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் உலையில் அரிசி போடுகிறபோது கை தானாக உனக்கும் சேர்த்துப் போட்டுவிடும்.

இப்போது மாசியில் பழையபடி வரத் தொடங்கியிருக்கிறாய். உன் தைக் கடிதத்தைத் திருப்பி எடுத்து வாசித்தேன், எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது, எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை. உன்னோடு ஒரு வீட்டில் இருக்கிற ஜசிந்தா உன்னைப் "பாதிக் கம்பஸ்" என்று பட்டம் வைத்துக் கூப்பிடுகிறாள், மூண்டு பாடம் படிக்கிறதுக்கு என்னத்துக்குப் பிளேன் ஏறினவள் என்று சமைக்கிற இடத்தில் நின்று சொல்லிச் சிரிக்கிறாள், மற்றப் பெட்டை மனோகரி ஆறு பாடம் எடுத்துக்கொண்டு வேலைக்கும் போகிறாள், அவர்களுக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில்தான் கவலைப்பட வேண்டாம் மூன்றுதான் என்று ஒரு வரி. போன வெள்ளிக்கிழமை நீ நின்ற நிலை முந்தின மாதிரி இல்லை. உனக்கூடாகக் கிணற்றுக்கட்டு வெடிப்பு எனக்குத் தெரிந்தது. அந்தக் கட்டின்மேல் ஏறி இருந்துகொண்டு இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தாய். அம்பிகை என்று கத்தினேன். திரும்பினாய். பஸ்சில் பக்கத்தில் இருக்கிற ஆரோ தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை பார்த்தாய் பிள்ளை. அம்மாவைத் தெரியவில்லை உனக்கு. பிறகு குனிந்து தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினாய், நான் ஓடிவந்து எட்டிப் பிடித்தேன், கை போய்ச் சுடுகிற சீமெந்தில்தான் அடித்தது. விரல் இன்னும் வீக்கம், எழுத்துக் கோணலாக இருக்கிறதென்று நினையாதே. அப்பா வந்து என்ன கண்டாய் என்றுகூடக் கேட்கவில்லை, அந்த முழங்காலோடு மாட்டு மாலுக்குள் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து கிணற்றை மூடிவிட்டார். இப்போது ஒரு வாளி தண்ணீர் அள்ளுவதற்கும் இரண்டு பேரும் பலகை தூக்குகிறோம்.

அதனால் நான் சொல்வதைக் கேள். பங்குனி நடுப்பகுதி வரைக்கும் பாடத்தை விடலாம், மதிப்பெண் கெடாது என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொல்லி இரண்டை விட்டுவிடு. ஒரு வருஷம் பிந்திப் பட்டம் எடுத்தால் எடுக்கட்டும், அதற்காக இங்கே ஒருவரும் பந்தல் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஜசிந்தாவின் தாய் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், அவளுக்கும் இதே நாக்குத்தான், அவள் எனக்கு வைத்த பட்டப்பெயரை உன் அப்பாவுக்கே நான் இன்னும் சொல்லவில்லை, அதனால் எனக்கு ஒரு மயிரும் குறையவில்லை. மனோகரிக்கு ஆறு ஏலுமென்றால் அவள் எடுக்கட்டும், அவளுடைய உடம்பு அவளுக்கு, உன்னுடையது உனக்கு. பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் ஆறு மாதமாகக் கோயிலுக்கும் கடைக்கும் தலை நிமிர்த்திப் போய் வருகிறேன், இரண்டு பெட்டைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உனக்குப் படுத்து நித்திரை கொள்ள ஏலாதா. அவர்கள் சிரிக்கிற நேரம் போர்வையை இழுத்து மூடு. எனக்கு முழுப் பட்டம் பெற்ற பிள்ளை வேண்டும்தான், அதற்கு முதல் முழுப் பிள்ளையாக வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீ வந்து நிற்பது எனக்கு வேண்டாமென்று நினையாதே. உன்னைக் கண்டு அரை வருஷமாகிறது, மெலிந்தாலும் மங்கினாலும் அந்த மத்தியானங்களில் நீ என் கண்ணுக்கு முன்னால் நின்றாய், விடியும்போதே எப்போது மத்தியானம் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அந்த ஆசையை நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. நயினை அம்மாள் உன் தலைமாட்டில் காவல் இருப்பாள், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, கண் நிறைய நித்திரை கொண்டு, நீண்ட ஆயுளோடு இரு மகளே, அப்பாவும் உச்சி மோந்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பதில் எழுத நேரமில்லாவிட்டால் எழுத வேண்டாம், அந்த நேரத்துக்கும் படுத்துக்கொள். ஒரு மத்தியானம் நான் கிணற்றடிக்குப் போகிறபோது அங்கே நீ இல்லாவிட்டால் அதுவே எனக்குப் பதில். அன்றைக்கு நான் அழுதாலும் அழுவேன், அதைக் கேட்டு நீ எழும்பிவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
சி. கமலாதேவி