மூடியில் எழுதிய பெயர்

அப்பா,

இன்று மதியம் பள்ளிக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாக்களின் மூடிகள் மாறிவிட்டன. "மூடில என்ர பேரு இருக்குதில்ல?" என்று சரோஜா என் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த என் பெயரைக் காட்டினேன். "அடியில போயி ஆராச்சும் பேரெழுதுவாங்களா?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு நீங்கள் வேலை பார்த்த கால்நடை ஆய்வறையின் மருந்து வாசனை வந்தது.

சேவூரில் பன்றிகள் இருமி இருமிச் செத்த சமயம். அங்கே பன்றி வளர்த்த ரோசம்மா உடுமலைச் சந்தையில் வாங்கிய ஆண் பன்றிதான் நோயைக் கொண்டுவந்தது என்று ஊரார் அதை அடித்துப்போட நின்றார்கள். செத்த பன்றியின் நுரையீரல், ரோசம்மா பன்றியின் மூக்கு, பக்கத்துப் பட்டிப் பெண் பன்றியின் மூக்கு என மூன்றிலிருந்தும் எடுத்து, ரத்தம் கலந்த கூழ்த் தட்டுகளில் கிருமி வளர்த்தீர்கள். பனியன் மூட்டைக்குப் பெயர் போடும் மையால் மூடிகளில் எழுதியது நான். என் கையெழுத்தில் உங்களுக்கு அத்தனை பெருமை.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது இரண்டு மூடிகளைத் திறந்தேன். பனித்துளிபோல் மினுங்கும் புள்ளிகள்! காலடி கேட்டதும் அவசரமாக மூடினேன்.

இருமலுக்குப் பல வகைக் கிருமிகள் உண்டு. எந்த வகை என்று, கிருமியை விட்டு வைக்கும் சர்க்கரை நீர்க் குழாய்களின் நிறம் சொல்லும் என்பீர்கள். ரோசம்மா பன்றியின் வகையும் செத்ததன் வகையும் ஒன்று என்று வந்தது.

"அது ஒருக்கா கூட இருமலீங்க சாமி" என்று ரோசம்மா வாசலில் அழுதார்.

"அப்பா, மூடியத் தொறந்தது நானுங்க. எது எதோடதுன்னு தெரியலீங்க."

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். சைக்கிளை எடுத்தீர்கள், என்னையும் பின்னால் உட்கார வைத்து. சேவூரில் எல்லோர் முன்னும், "தப்பு என்னுதுங்க. மூடில எழுத வெச்சது நாந்தான். நாலு நாள் பொறுங்க" என்றீர்கள்.

"பன்னி மூக்குக்கு ரெண்டாவது பூசையாக்கும்!" என்று ஒருவர் கேலி செய்தார்.

இம்முறை தட்டின் அடியில் எழுதினேன். செத்த பன்றிக்கும் பக்கத்துப் பட்டிப் பன்றிக்கும் குழாய்கள் ஒரே மாதிரி மஞ்சளாயின. ரோசம்மா பன்றியினுடையது சிவப்பாகவே நின்றது. அது பிழைத்தது.

அன்று நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "நீ சொல்லாம இருந்திருந்தா, நான் எழுதுன முடிவே நெசமாயிருக்கும் கண்ணு."

போன மாதம் உங்கள் படத்துக்குச் சட்டம் போட்டோம். மாட்டுவதற்கு முன் உங்கள் பெயரை எழுதச் சொன்னார் அம்மா. சட்டத்தைக் கழற்றி, படத்தின் முதுகிலேயே எழுதினேன்.